பத்துப் பேரும் பதினொரு பேரும்: மார்கஸ் ஃப்ரீமனின் முதல் நான்கு சீசன்கள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஒரு தலைமைப் பயிற்சியாளருக்குக் கிடைக்கும் அவகாசம் ரொம்பக் குறைவு. வழக்கமான சீசன் என்பது பன்னிரண்டு ஆட்டங்கள்தான். இரண்டு தோற்றால் முணுமுணுப்பு கிளம்பும். நான்கு தோற்றால் ஆளை மாற்று என்று குரல் எழும். இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்டில் இருக்கும் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் இந்த நெருக்கடி இன்னும் அதிகம். பழம்பெருமை நிறைந்த கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் அது. நாடு முழுக்க ரசிகர்கள் உண்டு. ஆனால் கடைசியாகத் தேசியப் பட்டம் வென்றது 1988இல். 2021 டிசம்பரில் அந்த அணியை 35 வயது மார்கஸ் ஃப்ரீமன் கையில் கொடுத்தார்கள். அதற்கு முன் அவர் எந்த அணிக்கும், ஒரு நாள்கூட, தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை.

2025 சீசன் முடிவில் அவர் கணக்கு 43 வெற்றி, 12 தோல்வி. நடுவில் ஒரு தேசிய இறுதியாட்டமும் உண்டு. இந்த எண்களை மட்டும் பார்த்தால் நேர்க்கோட்டில் ஏறிய ஒருவர் போலத் தெரியும். நடந்தது அப்படி இல்லை. கல்லூரி ஃபுட்பாலில் சமீப காலத்தில் நடந்த மிகப் பெரிய அதிர்ச்சித் தோல்விகளில் இரண்டு இவர் அணிக்கு நேர்ந்தவை. ஒவ்வொன்றுக்கும் பிறகு, எது உடைந்ததோ அதைச் சரிசெய்துகொண்டு மேலே வந்திருக்கிறார். என் பார்வையில் ஃப்ரீமனின் தனித்திறமை இதுதான்: பழுது பார்ப்பது. அவருடைய பெரிய பிரச்சினையும் அதற்குள்ளேயே இருக்கிறது. பழுது தெரியவருவதற்குள் சீசனில் ஒன்றிரண்டு ஆட்டங்கள் போய்விடுகின்றன.

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே சொல்லும் ஃபுட்பால், முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். ஒரு நேரத்தில் களத்தில் பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள், அதாவது நான்கு டவுன்கள். அதற்குள் பத்து யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு டவுன்கள். எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், ஆறு புள்ளி. அதைத் தொடர்ந்து வரும் உதைக்கு ஒரு புள்ளி. களத்தில் நின்றபடியே கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்ட் கோல், மூன்று புள்ளி. தாக்குதலுக்கு ஒரு கூட்டம், தற்காப்புக்கு வேறொரு கூட்டம், உதைகளுக்கு இன்னொரு கூட்டம் என்று ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். இந்த மாற்றத்தைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீமனின் கதையில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஆட்டக்காரர் பயிற்சியாளரானது

ஃப்ரீமனின் தந்தை மைக்கேல், அமெரிக்க விமானப் படையில் 26 ஆண்டுகள் இருந்தவர். தென்கொரியாவில் பணியில் இருந்தபோது அங்கே சோங் என்பவரைச் சந்தித்து மணந்தார். மகன் மார்கஸ் 1986இல் பிறந்தார். வளர்ந்தது ஒஹாயோ மாநிலத்தில் டேட்டனை ஒட்டிய ஹ்யூபர் ஹைட்ஸில். அந்த மாநிலத்துப் பையன்களுக்கெல்லாம் கனவான ஒஹாயோ ஸ்டேட் அணியில், ஜிம் ட்ரெஸ்ஸலின் கீழ் லைன்பேக்கராக, அதாவது தற்காப்பின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவராக, ஆடினார். அங்கே லைன்பேக்கர்களுக்குப் பயிற்சியாளர் லூக் ஃபிக்கெல். இந்தப் பெயர் பின்னால் இரண்டு முறை திரும்ப வரும்.

2009இல், தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைச் சுற்று முறையில் எடுக்கும் டிராஃப்டில், சிகாகோ பேர்ஸ் அணி ஐந்தாவது சுற்றில் ஃப்ரீமனைத் தேர்ந்தெடுத்தது. தொழில்முறை ஆட்டம் நிலைக்கவில்லை. ஓர் அணியிலிருந்து இன்னொன்று என்று அலைந்தவருக்கு, 2010இல் இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் அணி நடத்திய மருத்துவப் பரிசோதனையில் இதயக் கோளாறு இருப்பது தெரிந்தது. இருபத்துநான்கு வயதில் ஆட்டம் முடிந்தது. அதே ஆண்டு ஒஹாயோ ஸ்டேட்டுக்கே திரும்பி, பயிற்சியாளர் படிக்கட்டின் அடிப்படியில் உதவியாளராகச் சேர்ந்தார். அவ்வளவு சீக்கிரம் வேறு வேலைக்கு மனசு திரும்பியது சாதாரண விஷயம் இல்லை. அந்த வயதில் பலர் ஆட்டத்தையே வெறுத்து ஒதுங்கிப்போவார்கள்.

அடுத்து கென்ட் ஸ்டேட், பிறகு பர்டூ. இரண்டிலும் தலைமைப் பயிற்சியாளர் டாரல் ஹேஸல். கென்ட் ஸ்டேட் 2012இல் 11 ஆட்டங்களை வென்றது. அந்த வெற்றியைக் கையோடு எடுத்துக்கொண்டு பர்டூ போனார்கள். அங்கே முதல் சீசனில் ஒரே ஒரு வெற்றி, பதினொரு தோல்வி. பர்டூவில் ஹேஸலின் மொத்தக் கணக்கு 9 வெற்றி, 33 தோல்வி. 2016 சீசன் பாதியிலேயே அனுப்பிவிட்டார்கள். ஃப்ரீமனின் வாழ்க்கைக் குறிப்புகளில் பர்டூ காலத்தை ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. இன்னொரு ஊரில் ஜெயித்த வழிமுறை இந்த ஊரில் அப்படியே தோற்றுப்போவதை நான்கு வருஷம் உள்ளே இருந்து பார்த்தவர் அவர்.

2017இல் ஃபிக்கெல் சின்சினாட்டி அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரானார். தற்காப்பு முழுவதையும் தன் பழைய மாணவனிடம் கொடுத்தார். முதல் ஆண்டு 4 வெற்றி, 8 தோல்வி. அடுத்த ஆண்டு 11 வெற்றி, 2 தோல்வி. 2020இல் வழக்கமான சீசன் முழுக்கத் தோற்காமல் வந்து, சீசன் முடிந்தபின் அழைப்பின்பேரில் நடக்கும் ‘போல்’ ஆட்டங்களில் ஒன்றான பீச் போலில் ஜார்ஜியாவிடம் மூன்று புள்ளியில் தோற்றார்கள். அந்த அணியின் தற்காப்பைப் பார்த்த பெரிய பல்கலைக்கழகங்கள் ஃப்ரீமனுக்குத் தூது விட்டன. லூசியானாவின் எல்எஸ்யூவும் கேட்டது, நோட்டர் டேமும் கேட்டது. அவர் நோட்டர் டேமைத் தேர்ந்தெடுத்து, 2021இல் பிரையன் கெல்லியின் தற்காப்புப் பொறுப்பாளராகச் சேர்ந்தார்.

ஒரு சீசன் முடிவதற்குள் எல்லாம் தலைகீழானது. 2021 நவம்பர் கடைசியில், 11 வெற்றி ஒரு தோல்வி என்று நின்ற அணியை விட்டுவிட்டு கெல்லி எல்எஸ்யூவுக்குக் கிளம்பினார். விளையாட்டு இயக்குநர் ஜாக் ஸ்வார்பிரிக் வெளியே பெரிய பெயர் எதையும் தேடாமல், சில நாட்களுக்குள் ஃப்ரீமனை அறிவித்தார். ஃப்ரீமன் அறைக்குள் நுழைந்ததும் ஆட்டக்காரர்கள் ஓடிவந்து மொய்த்துக்கொண்ட காணொளி நாடு முழுக்கப் பரவியது. அந்தச் சந்தோஷம் உண்மையானது. ஆனால் கணக்குத் தெரிந்தவர்கள் கொஞ்சம் கவலைப்பட்டார்கள், அதற்குக் காரணமும் இருந்தது.

நோட்டர் டேம் இதற்கு முன்பும் அனுபவமில்லாதவர்களை நம்பியிருக்கிறது. 1981இல் உயர்நிலைப் பள்ளிப் பயிற்சியாளரான ஜெரி ஃபாஸ்ட்டைக் கொண்டுவந்தார்கள். ஐந்து ஆண்டில் 30 வெற்றி, 26 தோல்வி, ஒரு டிரா. லூ ஹோல்ட்ஸ் போன பிறகு அவருடைய தற்காப்புப் பொறுப்பாளர் பாப் டேவியை உயர்த்தினார்கள். 35 வெற்றி, 25 தோல்வி. சார்லி வைஸ்: 35 வெற்றி, 27 தோல்வி. மூன்று பேரும் அதற்கு முன் எந்தக் கல்லூரிக்கும் தலைமை தாங்கியதில்லை, மூன்று பேரும் தோல்வியில்தான் முடித்தார்கள். டேவியின் பாதையும் ஃப்ரீமனின் பாதையும் அச்சு அசலாக ஒன்று.

இன்னொரு கணக்கும் இருந்தது. அங்கே ஃபுட்பாலுக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பினத்தவர் டைரோன் வில்லிங்ஹம். 2002இல் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்று தொடங்கினார். மூன்று சீசன் முடிந்ததும் 21 வெற்றி, 15 தோல்வியோடு வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவருக்கு அடுத்து வந்த வைஸுக்கு ஐந்து சீசன் கிடைத்தது. இந்த வித்தியாசத்தை அங்கே யாரும் மறக்கவில்லை. ஃப்ரீமனுக்கு எவ்வளவு பொறுமை காட்டுவார்கள் என்பது 2021இல் நியாயமான கேள்வி.

மூன்று தோல்வியோடு தொடக்கம்

முதல் ஆட்டம், 2022 புத்தாண்டு நாளில் ஒக்லஹோமா ஸ்டேட்டுக்கு எதிரான ஃபியஸ்டா போல். 28-7 என்று முன்னிலையில் இருந்து 37-35 என்று தோற்றார்கள். செப்டம்பரில் ஒஹாயோ ஸ்டேட்டிடம் 21-10. அடுத்த வாரம் சொந்த மைதானத்தில் மார்ஷல். தேசியத் தரவரிசையில் எட்டாவது இடத்தில் இருந்த நோட்டர் டேமுக்கு இது பயிற்சி ஆட்டம் மாதிரி இருந்திருக்க வேண்டும். 26-21 என்று தோற்றது. கடைசிக் காலாண்டில், அதாவது ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் கடைசியில், நோட்டர் டேம் எறிந்த பந்தை மார்ஷல் பிடித்து அப்படியே ஓடி டச்டவுன் போட்டது. பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் டைலர் பக்னரும் தோளில் அடிபட்டு உட்கார்ந்துவிட்டார். முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்ற நோட்டர் டேம் தலைமைப் பயிற்சியாளர் என்ற பெயர், அந்தப் பல்கலைக்கழக வரலாற்றிலேயே, ஃப்ரீமனுக்குத்தான்.

அக்டோபரில் பலவீனமான ஸ்டான்ஃபோர்டிடமும் 16-14 என்று தோற்றார்கள். அந்த நிலையில் நவம்பர் 5 அன்று கிளெம்சன் வந்தது, எட்டு ஆட்டமும் வென்ற அணியாக. நோட்டர் டேம் உதையை மறித்து ஒரு டச்டவுன் போட்டது. முதலாண்டு மாணவன் பெஞ்சமின் மாரிசன் எதிரணி எறிந்த பந்தைப் பிடித்து 96 யார்டு ஓடினான். முடிவு 35-14. ஒரே சீசனில், ஒரே மைதானத்தில், மார்ஷலிடம் தோற்று கிளெம்சனைக் கிழித்த அணி. சீசன் 9 வெற்றி, 4 தோல்வி என்று முடிந்தது.

இந்தக் காலத்தில்தான் ஃப்ரீமன் கத்தோலிக்க மதத்தில் சேர்ந்தார். ஆட்ட நாளன்று அணி முழுக்கப் பேராலயத்தில் திருப்பலிக்குப் போய், அங்கிருந்து மைதானத்துக்கு நடந்து வரும் வழக்கத்தையும் திரும்பக் கொண்டுவந்தார். வெளியாளுக்கு இது சின்ன விஷயம். சவுத் பெண்டில், இவர் நம்மவர் என்ற எண்ணத்தை வரவழைப்பது இப்படிப்பட்டவைதான். தோற்கும்போது அந்த எண்ணம் கைகொடுக்கும்.

பத்துப் பேர்

2023 செப்டம்பர் 23. மறுபடியும் ஒஹாயோ ஸ்டேட், இந்த முறை சவுத் பெண்டில். நோட்டர் டேம் 14-10 என்று முன்னிலை. எதிரணி மூன்றாவது டவுனில் 19 யார்டு தேவைப்பட்ட இடத்தில் எமெக்கா எக்புக்காவிடம் 21 யார்டு எறிந்து, ஒரு யார்டுக் கோட்டுக்கு வந்து நின்றது. கடிகாரத்தில் சில நொடிகள் மட்டும். அந்த இடத்தில் தற்காப்புக்கு ஒவ்வொரு உடலும் தேவை. அடுத்தடுத்த கடைசி இரண்டு டவுன்களிலும் நோட்டர் டேம் களத்தில் வைத்திருந்தது பத்துப் பேரை. இறுதிப் போட்டியின் கடைசிப் பந்தை ஒரு ஃபீல்டர் குறைவாக வீசுவது போல.

முதல் முறை எறிந்த பந்து கீழே விழுந்தது; தப்பித்தார்கள். இரண்டாவது முறை ஒஹாயோ ஸ்டேட்டின் சிப் ட்ரேயனம், ஆள் இல்லாத அந்த இடைவெளி வழியாகவே நுழைந்தார். ஒரு நொடி மிச்சமிருக்க 17-14. முன்வரிசையில் நிற்க வேண்டிய ஆள் வெளியே இருந்தார். அதைக் கவனித்தபோது நேரம் கடந்துவிட்டது. தாமதமாக ஒருவரை உள்ளே அனுப்பினால் அபராதம் விழுமே என்று விட்டுவிட்டார்கள். ஒரு யார்டுக் கோட்டில் நிற்கும்போது அபராதத்தால் போவது அரை யார்டு. அது வாங்கியிருக்க வேண்டிய அபராதம். அங்கே கோளாறு ஆட்டக்காரர்களின் திறமையில் இல்லை. யார் எண்ணுவது, யார் கத்துவது, எண்ணிக்கை குறைந்தால் என்ன செய்வது என்ற ஏற்பாடு அந்த நொடியில் வேலை செய்யவில்லை. அது தலைமைப் பயிற்சியாளரின் வேலை. ஃப்ரீமனும் பழியைத் தன்மேல்தான் போட்டுக்கொண்டார்.

அந்த சீசனின் மிச்சத்தை விரைவாகச் சொல்லிவிடலாம். சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வென்ற கேலப் வில்லியம்ஸின் யுஎஸ்சியை (சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) 48-20 என்று நொறுக்கினார்கள். லூயிவிலிடமும் கிளெம்சனிடமும் தோற்றார்கள். மொத்தம் 10 வெற்றி, 3 தோல்வி.

2024: அடியும் ஏற்றமும்

மூன்றாவது ஆண்டு என்பது நோட்டர் டேமில் தனிக் கணக்கு. ஃபிராங்க் லேஹி, ஆரா பார்ஸீகியன், டான் டிவைன், லூ ஹோல்ட்ஸ் நால்வருமே தங்கள் மூன்றாவது சீசனில் தேசியப் பட்டம் வென்றவர்கள். ரசிகர்கள் 2024ஐ அந்த நினைப்போடுதான் எதிர்பார்த்தார்கள். டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியை அதன் சொந்த ஊரிலேயே 23-13 என்று வென்று தொடங்கியது நம்பிக்கையை ஏற்றிவிட்டது.

ஒரே வாரம். செப்டம்பர் 7 அன்று நார்தர்ன் இல்லினாய் வந்தது. இங்கே வந்து ஆடுவதற்கே 14 லட்சம் டாலர் கொடுத்து அழைத்த சிறிய அணி. தரவரிசையில் ஐந்தாவது இடத்தில் இருந்த நோட்டர் டேம் நான்கு டச்டவுன் வித்தியாசத்தில் வெல்லும் என்றுதான் கணிப்பு. கடைசிக் காலாண்டில் புதிய குவாட்டர்பேக் ரைலி லியோனர்ட் எறிந்த பந்து எதிரணி கைக்குப் போனது. 31 நொடி மிச்சமிருக்க 35 யார்டு ஃபீல்ட் கோல். 16-14. நோட்டர் டேமின் கடைசி முயற்சியான 62 யார்டு உதையும் மறிக்கப்பட்டது.

அன்று இரவு நிலவரம் இது: மூன்றாவது ஆண்டில், இரண்டாவது வாரத்திலேயே, மார்ஷலைவிட மோசமான தோல்வி. பயிற்சியாளர் வேலை போகும் என்று எழுதினார்கள். அடுத்த வாரம் பர்டூவை 66-7 என்று வென்றார்கள். பிறகு வழக்கமான சீசன் முடியும்வரை தோற்கவே இல்லை. பத்து வெற்றி தொடர்ச்சியாக. என்ன மாறியது? லியோனர்டைப் பந்து எறிந்தே ஜெயிக்க வைக்கும் முயற்சி குறைந்தது. அவர் கால்களும் ஜெரமையா லவ்வின் ஓட்டமும் தாக்குதலின் மையமாயின. அல் கோல்டன் நடத்திய தற்காப்பு எதிரணியைத் தொடர்ந்து நெருக்கியது. கோல்டன் அந்த ஆண்டு நாட்டின் சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கான பிராய்ல்ஸ் விருதையும் வாங்கினார்.

நல்ல வேளையாக, தேசியப் பட்டத்தை முடிவுசெய்யும், தோற்றால் வெளியேறும் சுற்றான பிளேஆஃப், நான்கு அணிகளாக இருந்தது, அந்த ஆண்டுதான் பன்னிரண்டு அணிகளாக விரிந்தது. பழைய முறையில் நார்தர்ன் இல்லினாயிடம் தோற்ற அணிக்கு அநேகமாகக் கதவு மூடியிருக்கும். முதல் சுற்றில் இண்டியானாவை 27-17. அதில் லவ்வின் 98 யார்டு ஓட்டம். அடுத்து நியூ ஆர்லியன்ஸில் ஜார்ஜியாவோடு சுகர் போல். புத்தாண்டு அதிகாலை போர்பன் தெருவில் நடந்த தாக்குதலால் ஆட்டம் ஒரு நாள் தள்ளிப்போனது.

அந்த ஆட்டத்தில் ஒரு கட்டம். நோட்டர் டேம் 23-10 என்று முன்னிலை. கடைசிக் காலாண்டில் ஏழு நிமிடம் சொச்சம் பாக்கி. தங்கள் 18 யார்டுக் கோட்டிலேயே நான்காவது டவுன், ஒரு யார்டுக்குள் தேவை. எல்லா அணியும் அங்கே பந்தை உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடும். நோட்டர் டேமின் உதைக் கூட்டம் உள்ளே வந்தது. ஜார்ஜியாவும் அதற்கேற்ற ஆட்களை இறக்கியது. திடீரென்று உதைக் கூட்டத்தின் பதினொரு பேரும் வெளியே ஓட, தாக்குதல் கூட்டத்தின் பதினொரு பேர் உள்ளே ஓடிவந்து வரிசையில் நின்றார்கள். ஜார்ஜியா பதறிப்போய் ஆட்களை மாற்றியது. லியோனர்ட் குரல் கொடுக்க, ஒரு ஜார்ஜியா வீரர் அவசரப்பட்டுக் கோட்டைத் தாண்டிவிட்டார். ஐந்து யார்டு அபராதம், புதிதாக நான்கு டவுன். பந்து நோட்டர் டேமிடமே இருந்தது. கடிகாரமும் ஓடியது.

பதினைந்து மாதத்துக்கு முன் பதினொரு பேரைச் சரியாக எண்ணி நிறுத்த முடியாத அணி இது. இப்போது பதினொரு பேரையும் ஒரே மூச்சில் மாற்றி, அந்த மாற்றத்தையே ஆயுதமாக்கியது. இந்த ஒரு டவுனைத்தான் ஃப்ரீமனின் காலத்துக்கு மிகச் சரியான சாட்சியாக நினைக்கிறேன். அடிபட்ட இடத்திலேயே வலுவாகத் திரும்பி வந்தார். அந்த வெற்றிக்கு இன்னொரு கனமும் உண்டு. பெரிய போல் ஆட்டம் ஒன்றை நோட்டர் டேம் அதற்கு முன் வென்றது 1994 ஜனவரியில். கெல்லியால் பன்னிரண்டு ஆண்டுகளில் அது முடியவில்லை.

அரையிறுதியில் பென் ஸ்டேட்டை, ஏழு நொடி மிச்சமிருக்க மிட்ச் ஜெட்டர் உதைத்த 41 யார்டு ஃபீல்ட் கோலால் 27-24 என்று வென்றார்கள். தேசிய இறுதியாட்டத்துக்கு வந்த முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஃப்ரீமன். ஆசிய வேர் கொண்ட முதல்வரும் அவரே.

2025 ஜனவரி 20, அட்லாண்டா. எதிரில், வேறு யார், ஒஹாயோ ஸ்டேட். நோட்டர் டேம் முதல் முறை பந்து வாங்கியபோது 18 டவுன், கிட்டத்தட்ட பத்து நிமிடம் எடுத்து டச்டவுன் போட்டது. பிறகு 31 புள்ளிகளைத் தொடர்ச்சியாக விட்டுக்கொடுத்தது. இரண்டு முடிவுகள் இன்றும் பேசப்படுகின்றன. மூன்றாவது காலாண்டில் தங்கள் பகுதியிலேயே உதைப்பது போல நடித்துப் பந்தை எறிந்தார்கள், பலிக்கவில்லை. 31-15 என்று பின்தங்கியிருந்தபோது, எதிரணியின் ஒன்பது யார்டுக் கோட்டில் நான்காவது டவுனில் டச்டவுனுக்கு முயலாமல் ஃபீல்ட் கோல் உதைத்தார்கள். பந்து கம்பத்தில் பட்டது. முதலாவது சரியான துணிச்சல், பலன் மட்டும் வரவில்லை என்பேன். இரண்டாவது தவறு. பதினாறு புள்ளி பின்னால் இருப்பவருக்குக் குறைந்தது இரண்டு டச்டவுன் தேவை. மூன்று புள்ளி கிடைத்திருந்தாலும் அந்தத் தேவை குறைந்திருக்காது. ஆட்டம் முழுக்கத் துணிந்து ஆடியவர் அந்த இடத்தில் பின்வாங்கினார். முடிவு 34-23.

நான்கு புள்ளியில் போன சீசன்

2025இல் கோல்டன் தொழில்முறை அணிக்குப் போய்விட்டார். தற்காப்புக்குக் கிறிஸ் ஆஷ் புதிதாக வந்தார். குவாட்டர்பேக்கும் புதிது: சிஜே கார், முதல் ஆட்டத்தையே மயாமியில் தொடங்கினார். 27-24 என்று தோல்வி. அடுத்து டெக்சாஸ் ஏ அண்ட் எம், சொந்த மைதானத்தில். கடைசி மூன்று நிமிடத்தில் லவ் டச்டவுன் போட்டு 40-34. அதன் பிறகான ஒரு புள்ளி உதைக்குப் பந்தைப் பிடித்து நிறுத்த வேண்டியவர் கையிலிருந்து அது நழுவியது. உதையே நடக்கவில்லை. 13 நொடி மிச்சமிருக்க ஏ அண்ட் எம் நான்காவது டவுனில் டச்டவுன் எறிந்தது, கூடுதல் புள்ளியையும் உதைத்தது. 41-40.

பிறகு வழக்கம்போல பழுது பார்த்தாயிற்று. பத்து வெற்றி தொடர்ச்சியாக. ஆனால் டிசம்பரில் பிளேஆஃப் தேர்வுக் குழு நோட்டர் டேமைப் பதினோராவது இடத்தில் வைத்து, கடைசி இடத்தை மயாமிக்குக் கொடுத்தது. இரண்டும் பத்து வெற்றி, இரண்டு தோல்வி. நேருக்கு நேர் ஆட்டத்தில் மயாமி வென்றிருந்தது. கோபத்தில் நோட்டர் டேம் வேறு போல் ஆட்டம் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கோபம் புரிகிறது; நவம்பரில் இந்த அணியை விரும்பி எதிர்கொள்ள யாரும் இல்லை. ஆனாலும் மயாமியைத் தேர்ந்தது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதே மயாமி இறுதியாட்டம் வரை போனது.

2024, 2025 இரண்டு வழக்கமான சீசன்களிலும் சேர்த்து ஃப்ரீமனின் கணக்கு 21 வெற்றி, 3 தோல்வி. மூன்று தோல்வியும் சீசனின் முதல் இரண்டு ஆட்டத்துக்குள். மூன்றையும் கூட்டினால் மொத்த வித்தியாசம் ஆறு புள்ளி. 2022இலிருந்து பார்த்தாலும், வழக்கமான சீசனின் பத்துத் தோல்விகளில் ஆறு செப்டம்பர் முடிவதற்குள் வந்தவை.

இதற்கு ஒரு காரணம் கண்ணுக்கு நேரே நிற்கிறது. ஃப்ரீமனுக்கு ஒவ்வொரு சீசனிலும் குவாட்டர்பேக் புதிது. 2022இல் பக்னர், 2023இல் வேக் ஃபாரஸ்ட்டிலிருந்து வந்த சாம் ஹார்ட்மன், 2024இல் ட்யூக்கிலிருந்து லியோனர்ட், 2025இல் கார். தாக்குதல் பொறுப்பாளரும் இரண்டு முறை மாறினார்: டாமி ரீஸ், ஜெராட் பார்க்கர், மைக் டென்ப்ராக். இப்படி இருக்கும்போது செப்டம்பர் என்பது ஆட்டத்தின் நடுவே நடக்கும் பயிற்சி முகாமாகிவிடுகிறது. காரணம் இது என்பதால் பொறுப்பு இல்லையென்று ஆகிவிடாது. ஆட்களைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தானே.

இனி

முதலில், பிளேஆஃப் விதி. 2026இலிருந்து, நோட்டர் டேம் தரவரிசையில் முதல் பன்னிரண்டுக்குள் வந்தால் இடம் உறுதி. 2025இன் பதினோராவது இடம் இந்த விதியின் கீழ் போதுமானதாக இருந்திருக்கும். ஆக, ஒரு செப்டம்பர்த் தோல்வியின் விலை குறைகிறது. அது ஃப்ரீமனின் இயல்புக்கு மிகப் பொருத்தமான மாற்றம்: பழுது பார்க்க நேரம் கிடைக்கும்.

இரண்டாவது, கார் திரும்புகிறார். தன் அணியில் ஏற்கெனவே ஒரு முழு சீசன் ஆடிய குவாட்டர்பேக்கோடு ஃப்ரீமன் சீசன் தொடங்கப்போவது இதுவே முதல் முறை. லவ் தொழில்முறைக்குப் போய்விட்டார். அந்த இழப்பை எளிதில் ஈடுகட்ட முடியாது. இருந்தாலும் தற்காப்பிலிருந்து வந்த ஒரு பயிற்சியாளருக்கு ஓட்டக்காரரை இழப்பதைவிடக் குவாட்டர்பேக்கை வைத்துக்கொள்வதுதான் பெரிது.

மூன்றாவது, அவர் தங்குவாரா? 2024 டிசம்பரில் ஒப்பந்தம் 2030 வரை நீட்டிக்கப்பட்டது. ஆனாலும் 2025 சீசன் முடிந்ததும் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியோடு அவர் பெயர் அடிபட்டது. அவர் போகவில்லை. இப்போது நாற்பது வயது. பல்கலைக்கழகங்களே மாணவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கத் தொடங்கிவிட்ட காலத்தில், ஒவ்வொரு ஜனவரியிலும் பாதி அணியைத் திரும்ப ஒப்புக்கொள்ள வைக்க வேண்டிய இந்த வேலை எல்லோரையும் களைக்க வைக்கிறது. ஆட்களின் மனசைப் பிடிப்பதுதான் ஃப்ரீமனின் பெரிய பலம் என்பதால் அவர் மற்றவர்களைவிட நீண்ட நாள் தாங்குவார் என்று நினைக்கிறேன். பட்டம் ஒன்று கைக்கு வந்துவிட்டால் என் பதில் மாறலாம். தொழில்முறை அணிகள் அப்போது விடாது, அவருக்கும் இங்கே நிரூபிக்க எதுவும் பாக்கி இருக்காது.

அடுத்த மூன்று சீசனுக்குள் அவர் இன்னொரு இறுதியாட்டத்துக்கு வருவார் என்றே கணிக்கிறேன். அதற்கான முதல் தேர்வு 2026 செப்டம்பர் தொடக்கத்தில், கிரீன் பேயின் லாம்போ ஃபீல்டில், விஸ்கான்சினோடு. எதிரணியின் தலைமைப் பயிற்சியாளர் லூக் ஃபிக்கெல்: ஃப்ரீமனை லைன்பேக்கராகச் செதுக்கியவர், சின்சினாட்டியில் தற்காப்பைக் கொடுத்து ஆளாக்கியவர். ஃப்ரீமனின் அணி முதல் வாரத்தில் எங்கே தடுமாறும் என்பது அவரை முதலிலிருந்து அறிந்த ஃபிக்கெலுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.